முப்பத்தோரு சிவப்பு வரி

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதை காரணமில்லை. எழுதினால் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் வரும், ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருக்கும், கடைசியில் ‘இதன் நகல் என்னிடம் உள்ளது’ என்று இருக்கும். அதைப் படிக்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. சார் என்றே சொல்கிறேன். ஆறு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். சார் முதலாளி, நான் இன்ஜினியர், வயரிங் வேலைக்கு இரண்டு பேர் வந்து போவார்கள். தொழில் என்னவென்றால், ஃபாக்டரியில் ஓடும் பம்பு, கம்ப்ரஸர், தொட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில் படமாகக் காட்டும் சாஃப்ட்வேரை அந்தந்த ஃபாக்டரிக்கு ஏற்ற மாதிரி அமைத்துக் கொடுப்பது. ஆபரேட்டர் ஒரே இடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொள்ளலாம். எங்காவது கோளாறு என்றால் திரையின் அடியில் ஒரு வரி வந்து மின்னும், ஹாரன் அலறும். ஆபரேட்டர் ஒரு பட்டனை அமுக்கினால் ‘பார்த்துவிட்டேன்’ என்று அர்த்தம், ஹாரன் நிற்கும். அந்த வரிக்குப் பெயர் அலாரம் மெசேஜ். எந்தக் கோளாறுக்கு எந்த வரி, என்ன நிறம், ஹாரன் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாகப் பதிவது என் வேலை. வரியின் வாசகத்தை எழுதுவது சாருடைய வேலை. அதில் மட்டும் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டார்.

பார்ப்பதற்கு ரொம்ப ஒழுங்கான மனிதர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா, நெற்றியில் அளவெடுத்தது போல் ஒரு கீற்று, காலையில் இஸ்திரி போட்ட சட்டை சாயங்காலம் வரை மடிப்புக் கலையாது. மடிப்புக் கலையும்படி அவர் எதுவும் செய்ததில்லை. கத்த மாட்டார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். கெட்டவர் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் ஏதாவது செய்தாக வேண்டுமே.

அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். முன்கூட்டிச் சொல்லி வைப்பார்.

ஆபீஸ் மாடிப்படியில் நாலாவது படி உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. கொத்தனார் வந்தால் அரை நாள் வேலை. சார் ஒரு அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ‘நான்காவது படி சேதம், கவனம்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கீழே சுவரில் மாட்டினார். ஒருநாள் கூரியர்காரர் ஒருவர் பார்சலோடு ஏறும்போது அதே படியில் கால் மடங்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். சார் நிதானமாக வந்தார். விழுந்து கிடந்தவரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய், அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

“போர்டு மாட்டியிருக்கே, நீங்க பார்க்கலையா?” என்று கேட்டார்.

“கும்மிருட்டா கீது சார். போர்டு இன்னாத்த தெரியும்?” என்றார் கூரியர்காரர், முட்டியைப் பிடித்துக்கொண்டே.

அதில் நியாயம் இருப்பதாக சாருக்குப் பட்டது. மறுநாளே எலக்ட்ரீஷியன் வந்தார். அட்டைக்கு மேல் ஒரு நாற்பது வாட் பல்பு மாட்டினார். அட்டை பளிச்சென்று தெரிந்தது. படி அப்படியே இருந்தது, நான் அந்த வேலையை விட்டுப் போகும் வரைக்கும்.

கார் ஓட்டுவதும் இதே லட்சணம்தான். பழைய ஃபியட் ஒன்று வைத்திருந்தார். திருப்பங்களில் நீளமாக ஹாரன் அடிப்பார், அடித்துவிட்டு அதே வேகத்தில் திரும்புவார். பிரேக்கில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. லஸ் முனையில் ஒரு சைக்கிள்காரர் நூலிழையில் தப்பி, சைக்கிளோடு நடைபாதையில் போய்ச் சரிந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சார் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. “ஹாரன் அடிச்சேனோல்லியோ?” என்றார் என்னிடம். இந்த ‘ஓல்லியோ’ அவருக்கு மூச்சு மாதிரி. சொன்னேனோல்லியோ, எழுதினேனோல்லியோ, காட்டினேனோல்லியோ. கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அவர் பதிலுக்கு நின்றதில்லை.

பேஜர் வந்த புதிதில் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஏதோ என் மேல் அக்கறை என்று நினைத்தேன், அசடு. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அடையாறு டிப்போவில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன், தலையிலிருந்து ஒழுகுகிறது, பேஜர் துடிக்கிறது. எடுத்துப் பார்த்தால், ‘இன்று மழை பெய்யலாம்’. மறுநாள் காலையில் முதல் கேள்வி, “மெசேஜ் வந்துதோல்லியோ?” வந்தது சார் என்றேன். நோட்டில் எதையோ டிக் அடித்துக்கொண்டார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீடு. ஒருதரம் ஃபைல் ஒன்று வாங்கிவரப் போனபோது கை கழுவ பாத்ரூமுக்குள் நுழைந்தேன். ஹீட்டர் ஸ்விட்ச்சுக்கு மேல் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘ஈரக்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்.’ வெளியே வந்து மாமியிடம், அதாவது சாரின் மனைவியிடம், நிஜமாகவே ஷாக் அடிக்குமா என்று கேட்டேன்.

“நாலு வருஷமா அடிச்சிண்டுதான் இருக்கு. நான் மரப்பலகை மேல நின்னுண்டு போடறேன்” என்றார் மாமி.

“ரிப்பேர் பண்ணிடலாமே மாமி?”

“இவர் சீட்டைத்தான் மாத்திண்டே இருக்கார், பழசாப் போயிடறதாம். நானே ஒருநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தான். சீட்டைப் படிச்சுட்டுப் பயந்துண்டு போயிட்டான்.” மாமி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் அந்த வீட்டில் நாலு வருஷம் ஓட்டியிருக்க முடியாது என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

இப்படிப்பட்டவரிடம் அலாரம் மெசேஜ் எழுதும் வேலை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஐஸ்கிரீம் ஃபாக்டரி எங்களிடம் வேலை கொடுத்தது. பெரிய கம்ப்ரஸர்கள், மூன்று கோல்ட் ரூம், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. ஒரு அலாரத்தை எப்படி அமைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவசரமானது சிவப்பு, அடுத்தது மஞ்சள், தெரிந்தால் போதும் என்பது வெள்ளை. சிவப்புக்கு மட்டும் ஹாரன். ஆபரேட்டருக்கு எது முதலில் என்று ஒரே பார்வையில் விளங்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்றும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். நான் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன்.

“கோல்ட் ரூம் விசிறி நின்னா சிவப்பு சார். ஏ.சி. ஃபில்டர் அழுக்குன்னா வெள்ளை.”

“வெள்ளைன்னு போட்டுட்டோம்னே வெச்சுக்கோங்கோ. அந்த ஃபில்டரால ஏதாவது ஆயிடுத்துன்னா? ‘நீங்கதானே வெள்ளைன்னு சொன்னேள்’னு நம்மளைத்தான் கேப்பான். எதையும் சின்னதுன்னு நாம எழுத்துல சொல்லப்படாது.”

அவ்வளவுதான். எண்ணூற்றுச் சொச்சம் அலாரம், அத்தனையும் சிவப்பு, அத்தனைக்கும் ஹாரன். கம்ப்ரஸர் நின்றாலும் சிவப்பு, ஆபீஸ் ரூம் கதவு திறந்தாலும் சிவப்பு. கோளாறு சரியானால் ‘சரியாகிவிட்டது’ என்பதற்கும் ஒரு சிவப்பு.

‘கோல்ட் ரூம் கதவு திறந்திருக்கிறது, மூடவும்’ என்று நான் எழுதியிருந்ததில் ‘மூடவும்’ மேல் பச்சைப் பேனாவால் கோடு இழுத்தார்.

“மூடச் சொல்லி, அவன் மூடறச்சே உள்ளே ஒருத்தன் மாட்டிண்டா? நாம மூடச் சொன்னதா ஆயிடும்.”

“அப்போ என்ன செய்யணும்னு ஆபரேட்டருக்கு எப்படி சார் தெரியும்?”

“அது அவா கவலை. நாம தெரிவிக்கறவா.”

அது மட்டுமில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இங்கிலீஷில், வக்கீல் நோட்டீஸ் பாஷையில், ‘ஆபரேட்டருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று ஒரு முன்னுரை சேர்த்தார். எண்ணூறுக்கும் அதே முன்னுரை. திரையின் அடியில் ஒரு வரிக்கு ஐம்பது எழுத்துதான் தெரியும், பிரிண்டரிலும் அவ்வளவுதான். முப்பத்தைந்தை முன்னுரை விழுங்கிவிடும். மிச்ச இடத்தில் ‘கோல்ட் ரூம் நம்பர் 2’ என்பது வரும், அதற்கு என்ன ஆயிற்று என்பது வராது. தெரிய வேண்டுமானால் வேறொரு பக்கத்தைத் திறந்து தேட வேண்டும். இதை நான் சாரிடம் சொன்னேன். அவர் பதறவே இல்லை.

“முன்பகுதிதான் முக்கியம். நாம தெரிவிச்சோம்கறதுக்கு அதான் அத்தாட்சி.”

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு உண்மையான உற்சாகம் வந்தது. ஆபரேட்டர் ‘பார்த்தேன்’ பட்டனை அமுக்கியதும் அவன் பெயரும் நேரமும் பிரிண்டரில் விழ வேண்டும், வினாடி சுத்தமாக. அதை மட்டும் நாலு தடவை சோதனை செய்து காட்டச் சொன்னார்.

அந்த ஃபாக்டரியில் பகல் ஷிஃப்ட் ஆபரேட்டர் அந்தோணி. சாந்தோம்காரர், நாற்பத்தைந்து நாற்பத்தாறு வயது, பதினெட்டு வருஷமாக அதே கம்ப்ரஸர்களோடு வாழ்ந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது ஆசையாகத்தான் கற்றுக்கொண்டார், மவுஸைப் பிடிக்கும்போது விரல் நடுங்கும், ஆனாலும் விடமாட்டார். எல்லாம் ஓட ஆரம்பித்து மூன்றாவது வாரம் நான் போனபோது ஹாரனின் வாய்க்குள் பனியன் வேஸ்ட் துணியை அடைத்து வைத்திருந்தார். அப்படியும் அது முனகிக்கொண்டிருந்தது.

“இன்னா மேடம், உங்க பொட்டி நிறுத்தாம கத்திக்கினே கீது. ஒவ்வொண்ணா அமுக்கி அமுக்கி வெரலு வீங்கிப் போச்சு. ஒரு பக்கம் நான் அமுக்கிக்கினு இருக்கேன், இன்னொரு பக்கம் வந்துக்கினே கீது. மெசினை நான் எப்போ போய்ப் பாக்குறது?”

“வரியைப் படிக்கிறீங்களாண்ணா?”

“படிக்கறதா? எல்லாம் ஒரே வரிதானே மேடம்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் கீபோர்டின் எஃப்-ஃபைவ் பட்டனுக்கு ஒரு புது வேலை கொடுத்தேன். அதை ஒருதரம் தட்டினால் திரையில் இருக்கும் அத்தனை அலாரத்துக்கும் ஒரே சமயத்தில் ‘பார்த்தேன்’ போய்விடும். இப்படி அமைப்பது என் பாஸ்வேர்டால் மட்டும் முடியும். எந்தக் காகிதத்திலும் நான் எழுதவில்லை, சாரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் எடுத்துவிடச் சொல்வார் என்று தெரியும். அந்தோணி ஒருதரம் தட்டிப் பார்த்தார். திரை அமைதியாயிற்று. “ஸ்தோத்திரம்” என்றார்.

மே மாதம் ஒரு மத்தியானம் கிண்டியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரே நேரத்தில் முப்பத்தோரு வரி. அந்தோணி எஃப்-ஃபைவைத் தட்டிவிட்டு, கம்ப்ரஸர்களைத் திரும்ப ஓட வைக்க ஓடினார். ஓட வைத்தார். ஆனால் இரண்டாம் நம்பர் கோல்ட் ரூமில் குளிர் காற்றைப் பரப்பும் விசிறி மட்டும் திரும்பச் சுற்றவில்லை. அதற்கான வரி அந்த முப்பத்தொன்றில் ஒன்று. பிறகு வெப்பம் ஏறியபோது வந்த வரியும் பார்வைக்கு முதலில் வந்ததைப் போலவே இருந்தது, கரண்ட் தொல்லை இன்னும் ஓயவில்லை என்று நினைத்து அதையும் தட்டிவிட்டார். சாயங்காலம் லோடு ஏற்ற வந்தவர்கள் கதவைத் திறந்தால், ஒரு அறை ஐஸ்கிரீம் பாயசமாகக் கிடந்தது. அந்தோணியை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை வைத்து வேலையை விட்டே அனுப்பப் போகிறார்கள் என்று ஃபாக்டரியிலிருந்து போன் வந்தது.

போனை எடுத்த சார் கேட்ட முதல் கேள்வி, “பிரிண்ட் அவுட் இருக்கோல்லியோ?”

இருந்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த நீளக் காகிதத்தை வரவழைத்து மேஜை மேல் விரித்து, மஞ்சள் மார்க்கரால் அந்தோணியின் பெயர் மேல் ஒவ்வொன்றாகப் பூசினார். முப்பத்தோரு தடவை. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற சிரத்தை. அந்த வயதுக்கும் அந்த மனிதருக்கும் அப்படி ஒரு மலர்ச்சி வரும் என்று நான் நினைத்ததில்லை. அவர் வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்திருந்த நாள் அது. சொன்னார், யாரும் கேட்கவில்லை, நடந்தது, எழுத்தில் இருக்கிறது.

விசாரணை அந்தக் கம்பெனியின் ஹெட் ஆபீஸில், அடையாறு காந்தி நகரில். மேஜைக்கு அந்தப் பக்கம் பர்சனெல் மேனேஜர், இந்தப் பக்கம் சாரும் நானும். அந்தோணியை உட்காரச் சொன்னார்கள். அவர் சுவரோரமாக நின்றுகொண்டார், கோயிலுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

சார் காகிதத்தை விரித்தார். “ஆபரேட்டருக்கு முறைப்படி தெரிவிச்சிருக்கு. பார்த்தேன்னு அவரே பதில் கொடுத்திருக்கார். பேர் இருக்கு. இதுக்கு மேல சிஸ்டம் என்ன பண்ண முடியும்?”

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். பதினெட்டு வருஷத்தை முடிக்க அந்த ஒரு கையெழுத்து போதும்.

“சார், விசிறி நின்ன வரியை ஒருதரம் காட்டிடுங்களேன். ரெக்கார்டுக்கு நல்லது” என்றேன், ரொம்ப உதவியாகப் பேசுகிற குரலில்.

ரெக்கார்டு என்ற வார்த்தைக்கு சார் மயங்காமல் இருக்க மாட்டார். விரலைக் காகிதத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப இழுத்தார். அந்த முப்பத்தொன்றில் இரண்டாம் நம்பர் கோல்ட் ரூமுக்கு மட்டும் நாலு வரி. கதவு, விசிறி, கரண்ட், பனி நீக்கம். நாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரி. ஆபரேட்டருக்கு இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது யாதெனில் கோல்ட் ரூம் நம்பர் 2. அவர் விரல் ஒரு வரியில் நின்றது, பிறகு சந்தேகப்பட்டு அடுத்த வரிக்குப் போனது.

மேனேஜர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நாலும் ஒண்ணாத்தானே இருக்கு? இதுல எது விசிறி?”

“முழு வாசகம் வேற பக்கத்துல வரும். டெக்னிக்கலா பார்த்தேள்னா…”

“எழுதினது நீங்கதானே? ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து, அவசரமே இல்லாம, உங்களுக்கே தெரியலையே. அவருக்கு எப்படிய்யா தெரியும்?”

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சிரித்துவிடக் கூடாதே என்று மேஜைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சட்டையில் வேர்வை தெரிந்தது.

மேனேஜர் பேனாவை மூடினார். மூடிவிட்டுக் காகிதத்தை இன்னொருதரம் பார்த்தார். “அது சரி அந்தோணி, முப்பத்தோரு அலாரம், எல்லாத்துக்கும் ஒரே நேரம் போட்டிருக்கு. ஒரே செகண்ட்ல எப்படி அமுக்கினே?”

“எஃப் அஞ்சு அமுக்கினா மொத்தமும் போய்டும் சார்.”

“யார் சொல்லிக் கொடுத்தது?”

அந்தோணி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. சார் என்னைப் பார்த்தார். ஆபரேட்டரால் அந்தப் பட்டனை அமைக்க முடியாது என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் மூன்று பேர். ‘அதை வெச்சது நான்தான்’ என்று மூன்று வார்த்தை என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வேறு ஒரு கம்பெனிக்கு நான் மனுப் போட்டிருந்தேன், சாரிடம் ஒரு நல்ல கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் பயம்.

“யாரும் சொல்லல சார். நானாத்தான் ஒருநாள் தட்டிப் பார்த்தேன். போச்சு” என்றார் அந்தோணி.

“தெரியாத பட்டனை எல்லாம் தட்டுவியா?” மேனேஜருக்குக் கோபம் காட்ட ஒரு இடம் கிடைத்துவிட்டது. வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பக்கமே இனி வரக்கூடாது, நாளையிலிருந்து லோடிங்குக்குப் போக வேண்டும் என்று எழுதினார். லோடிங் என்றால் கோல்ட் ரூமுக்குள், உறைகிற குளிரில், பெட்டி தூக்குவது. அந்தோணி படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே கேட் பக்கத்தில் அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் நிமிர்ந்தார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. உங்க பேரு எங்கயும் வராது.”

“தேங்க்ஸ்ணா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, கொஞ்சம் நின்றார். பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சார் கிளம்பினார். ஆபீஸுக்குப் போகும் மத்திய கைலாஷ் பக்கம் திருப்பாமல் ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தினார். எப்போதும் வீட்டு ஃப்ளாஸ்க்கைத் தவிர எதையும் தொடாத மனிதர் இரண்டு காபி சொன்னார். நின்றுகொண்டு குடிக்கிற உயர மேஜை.

“அந்த பட்டன் நீங்க வெச்சதுதானே?”

“ஆமா சார்.”

“தெரியும். ஒரே செகண்ட்ல முப்பத்தொண்ணுன்னு நான் அன்னிக்கே பார்த்துட்டேன். பேர் மேல பூசினேனே தவிர நேரத்து மேல மஞ்சள் பூசலை, கவனிச்சேளோ?” டபராவில் காபியை ஒருதரம் ஆற்றினார். ஒருவழியாக அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் முகத்தில் அதன் சுவடே இல்லை. “எங்கே வாயைத் திறந்துடப் போறேளோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதைச்சிண்டே இருந்தது. நல்ல வேளை. ஆறு வருஷம் ஆச்சு, ஆனா இன்னிக்குத்தான் உங்களுக்குத் தொழில் பிடிபட்டிருக்கு.”

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அவர் கண்ணில் நிஜமான பிரியம் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஆறிடறதுக்குள்ள சாப்பிடுங்கோ” என்றார்.

குடித்தேன். சர்க்கரைகூட சரியாக இருந்தது.